கோர்ஸ் ஒர்க்குக்கு எந்தப் பேப்பர்?

கேள்வி: எம்.எஸ்சி. கணிதம் முடித்து, கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாகப் பிஎச்.டி. பதிவு செய்திருக்கிறேன். திருமணிமுத்தாற்றுப் பகுதியின் நிலத்தடி நீரோட்டத்தைக் கணினியில் கணிப்பது என் தலைப்பு. ஆராய்ச்சிக்கு முன் படித்துத் தேற வேண்டிய கோர்ஸ் ஒர்க்குக்கு எந்தப் பேப்பர் எடுக்கலாம்? சுலபமானதை எடுத்துச் சீக்கிரம் முடி என்கிறார்கள் தோழிகள்.
- ஒரு வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: அப்படி மட்டும் செய்துவிடாதீர்கள் அம்மா. 2022 யு.ஜி.சி. விதிப்படி கோர்ஸ் ஒர்க் குறைந்தது 12 கிரெடிட். ஆய்வு முறையியலும் ஆய்வு நெறிமுறையும் அதிலேயே வந்துவிடும், 55 சதவீதம் வாங்கியாக வேண்டும். இவை போக நீங்களாகத் தேர்ந்தெடுக்கக் கிடைப்பது ஒன்றிரண்டு பேப்பர்தான், அதில் ஒன்று கட்டாயம் நியூமரிக்கல் லீனியர் அல்ஜீப்ராவாக, அதாவது மேட்ரிக்ஸ் கணக்குகளைக் கணினியில் தீர்க்கும் முறைகளைச் சொல்லும் பாடமாக இருக்கட்டும்.

நிலத்தடி நீர்ச் சமன்பாட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்தால் கடைசியில் உங்கள் முன் நிற்பது பூஜ்யங்கள் நிறைந்த பிரமாண்டமான ஒரு மேட்ரிக்ஸ், அதைத் தீர்ப்பதில்தான் உங்கள் ஆராய்ச்சியின் பெரும்பகுதி நேரம் போகும். எம்.எஸ்சி.யில் தீர்வு உண்டா, ஒன்றுதானா என்று நிரூபித்திருப்பீர்கள். கணினி தரும் விடையில் எத்தனை இலக்கத்தை நம்பலாம் என்பது வேறு கேள்வி. இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். 12-க்கு 12 ஹில்பர்ட் மேட்ரிக்ஸ் (1, 1/2, 1/3 என்று போகும் பின்னங்களால் ஆனது) எடுத்து, எல்லா விடையும் 1 என்று வரும்படி சமன்பாட்டின் வலப்பக்கத்தை அமைத்துப் பைத்தான் நிரல்மொழியில் தீர்க்கச் சொல்லுங்கள். நிரலில் ஒரு பிழையும் இருக்காது, ஆனால் விடை 1-ஐ விட்டு விலகி நிற்கும். கணினி வழக்கமாக எண்களை வைத்துக்கொள்ளும் டபுள் பிரிசிஷனில் இருப்பது ஏறக்குறைய 16 இலக்கம், இந்த மேட்ரிக்ஸின் கண்டிஷன் நம்பரோ (சிறு பிழை விடையில் எத்தனை மடங்கு பெருகலாம் என்று காட்டும் எண்) 10-இன் 16-ஆம் அடுக்கைத் தாண்டுகிறது, அதனால் அத்தனை இலக்கமும் போய்விடுகிறது. கிணற்று நீர்மட்டம் பற்றி ஒரு எண்ணை எழுதி, அதை நம்பி யாரோ ஒரு விவசாயி போர் போடுவார் என்றால், இது தெரியாமல் எழுதக் கூடாது.

இன்னொரு பேப்பருக்கு இடமிருந்தால் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளுக்கான எண்ணியல் முறைகள். ஒரே கணக்கைப் பல பிராசசர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பேரலல் கம்ப்யூட்டிங் இப்போது வேண்டாம், லேப்டாப்பில் அடங்காத அளவுக்குக் கணக்கு வளரும்போது கற்றுக்கொள்ளலாம். உங்கள் துறையில் இந்தப் பேப்பர்கள் இல்லாவிட்டால் ஐ.ஐ.டி.க்கள் இணையத்தில் நடத்தும் என்.பி.டெல். (NPTEL) வகுப்புகள் இலவசமாகவே இருக்கின்றன. ஆனால் எந்தப் பேப்பர் தேவை என்று அடையாளம் காட்டுவது ஆய்வு ஆலோசனைக் குழுவின் வேலை, ஆகவே வெளியில் படிப்பதைக் கணக்கில் எடுப்பார்களா என்று முதல் கூட்டத்திலேயே கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள்.