துப்பாக்கி மேல பல்லு பல்லா ஒரு பட்டை இருக்கே, அது என்னங்க?

கேள்வி: அண்ணே வணக்கம். சூரமங்கலத்துல லேத் பட்டறையில வேலை பாக்குறேன். கமாண்டோ போட்டோவுல துப்பாக்கி மேல சீப்பு மாதிரி ஒரு பட்டை, அதுல ஸ்கோப், டார்ச், கைப்பிடின்னு எல்லாம் மாட்டியிருக்கு. எப்படிண்ணே எல்லா கம்பெனி சாமானும் அதுல உக்காருது, சுடும்போது கழண்டு வராதா? நம்ம பட்டறையில அந்த மாதிரி போட முடியுமா?

பதில்: தம்பி, அதுக்குப் பேரு பிக்கட்டினி ரெயில். நியூஜெர்சியில இருக்குற பிக்கட்டினி ஆயுதசாலையோட பேரு அது, 1995ல அமெரிக்க ராணுவம் இதுதான் அளவுன்னு எழுதி வச்சிருச்சு. பள்ளத்தோட அகலம் 5.23 மில்லிமீட்டர், ஒரு பள்ளத்து நடுவுல இருந்து அடுத்த பள்ளத்து நடு வரைக்கும் 10.01, அவ்வளவுதான் சங்கதி. போன வருஷம் என் பொண்ணு கொலுசுல திருகாணி விழுந்துருச்சு, செவ்வாய்ப்பேட்டையில மூணு பட்டறை ஏறி இறங்குனேன், ஒண்ணு உள்ள போகவே மாட்டேங்குது இன்னொண்ணு லொடலொடன்னு ஆடுது, ஏன்னா பட்டறைக்குப் பட்டறை மரை வேற. ஒரே அளவு இல்லேன்னா துப்பாக்கியிலயும் இதே பாடுதான்.

கழண்டு வராது. ஸ்கோப் மவுண்ட்டுக்கு அடியில குறுக்க ஒரு போல்ட் போகும், அது பள்ளத்துக்குள்ள உக்காந்து உதையைத் தாங்கிக்கும், ஓரத்துச் சரிவை கிளாம்ப் கவ்விக்கும். மாட்டும்போது குழல் பக்கமா தள்ளி வச்சுத்தான் டைட் பண்ணணும், இல்லேன்னா போல்ட்டுக்கும் பள்ளத்துச் சுவருக்கும் நடுவுல கொஞ்சம் இடைவெளி நிக்கும், நாலு ரவுண்டு சுட்டதும் அதுக்குள்ள நகர்ந்துரும், குறி போச்சு.

அமெரிக்க சிறப்புப் படைக்கு எம்4ஏ1 துப்பாக்கியோட சாப்மாட்னு ஒரு செட்டே குடுக்குறாங்க. 4 மடங்கு பெருசா காட்டுற ஸ்கோப், நைட் விஷன் போட்டவங்களுக்கு மட்டும் தெரியுற லேசர், டார்ச், சைலன்சர் எல்லாம் அதுல வரும். அத்தனையும் ஒண்ணா மாட்டிக்கிட்டு கிளம்ப மாட்டாங்க, அன்னிக்கு வேலைக்கு எது வேணுமோ அது மட்டும்தான். ஏற்காடு அடிவாரத்துல இருந்து 20 கொண்டை ஊசியும் நடந்தே ஏறுனவங்களக் கேளுங்க, கால் கிலோ என்ன கனம்னு சொல்லுவாங்க. முன்பக்கம் சுத்தி பிக்கட்டினி பட்டை போட்டா அதுவே கனம், அதனாலதான் 2014ல மேக்புல் கம்பெனி எம்-லாக்னு ஒரு மாட்டுற முறை கொண்டு வந்துச்சு, முன்கைப்பிடி வழவழன்னு இருக்கும், நீள ஓட்டை மட்டும்தான், உள்ள போற நட் திரும்பி உள்பக்கமா பிடிச்சுக்கும். 2017ல அமெரிக்க கடற்படைக்கு கிரேன்ங்கிற ஊர்ல இருக்குற மையம், கீமாட்னு ஓட்டையில மாட்டுற இன்னொரு முறையையும் இதையும் வச்சு டெஸ்ட் பண்ணப்போ இதுதான் உறுதியா நின்னுச்சு. ஆனா ஸ்கோப் உக்கார்ற மேல்பக்கம் இன்னிக்கும் பிக்கட்டினிதான்.

பட்டறையில போடுறதப் பத்தி. துப்பாக்கி பார்ட்ஸ் பண்ண லைசன்ஸ் வேணும், அந்தப் பக்கம் போயிராதீங்க. ஆனா ராணுவத் தளவாடம் செய்யுற தொழிலுக்குன்னு அறிவிச்சிருக்குற வழித்தடத்துல சேலமும் இருக்கு, அந்த வேலை நம்மூருக்கு வரும்போது உங்க கை தயாரா இருக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை தம்பி. லேத்துல இது வராது, மில்லிங்ல ஒரு அலுமினியத் துண்டு போட்டு 20 பள்ளம் எடுத்துப் பழகுங்க. முந்தின பள்ளத்துல இருந்து அளந்துக்கிட்டே போனீங்கன்னா ஒவ்வொண்ணுலயும் 0.05 தப்புனாக்கூட கடைசியில ஒரு மில்லிமீட்டர் கிட்ட ஓடிப்போயிருக்கும், எல்லாப் பள்ளத்தையும் துண்டோட ஒரே முனையில இருந்து அளந்து போடுங்க.