92 வீதம் வேலைவாய்ப்பு என்கிறார்கள், சங்கிலியை அடகு வைக்கலாமா?

கேள்வி: நாங்கள் ஒட்டுசுட்டானில் இருக்கிறோம். மகன் உயர்தரம் எழுதிவிட்டு இரண்டு வருடமாக உழவு இயந்திரம் ஓட்டுவதும் கூலிக்குப் போவதுமாக இருக்கிறான். மாதத்தில் பதினைந்து நாள் அளவில் வேலை கிடைக்கும், நாளுக்கு 2,500 ரூபாய். வவுனியாவில் ஒரு தனியார் நிலையத்தில் பெக்கோ, எக்ஸ்கவேட்டர் போன்ற மண் தோண்டும் இயந்திரங்களை ஓட்ட ஆறு மாதப் பயிற்சி கொடுக்கிறார்கள். கட்டணம் 180,000 ரூபாய். அறைக்கும் சாப்பாட்டுக்கும் மாதம் 20,000 வரும். “எமது மாணவர்களில் 92 வீதமானோர் வேலையில், சராசரிச் சம்பளம் 85,000” என்று துண்டுப்பிரசுரத்தில் போட்டிருக்கிறது. மாத முடிவுக்குள் கட்டச் சொல்கிறார்கள். என் சங்கிலியை அடகு வைத்துக் கட்டலாமா?

பதில்: அம்மா, சங்கிலியை இப்போதைக்கு வங்கிக்குக் கொண்டுபோக வேண்டாம். பயிற்சி நல்லதாகவே இருக்கலாம். ஆனால் அந்த 92ஐயும் 85,000ஐயும் நம்பி நகையை வைக்க முடியாது. அந்த எண்கள் பொய்யாக இருக்கவேண்டும் என்றில்லை. உண்மையாக இருந்தாலும் உங்கள் மகனுக்கு என்ன நடக்கும் என்பதை அவை சொல்லாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளங்குவதற்காக நான் வைத்தவை. ஒரு வருடத்தில் 60 பேர் சேர்கிறார்கள். 40 பேர் முடிக்கிறார்கள். பிறகு நிலையம் தொலைபேசியில் விசாரிக்கும்போது 25 பேர்தான் அகப்படுகிறார்கள். அதில் 23 பேருக்கு வேலை. 25க்கு 23 என்றால் 92 வீதம், விளம்பரம் சரி. சேர்ந்த 60 பேரை வைத்துப் பார்த்தால் அதே 23 பேர் 38 வீதம்தான். அதற்காக மற்ற எல்லோரும் சும்மா இருக்கிறார்கள் என்றும் முடிவு கட்டக்கூடாது. வன்னியில் பிள்ளைகள் சிம் மாற்றுவார்கள், கொழும்புக்குப் போவார்கள், கட்டாருக்குப் போவார்கள். இடையில் நின்றவர்களில் சிலர் வேலை கிடைத்ததால்தான் நின்றிருப்பார்கள். அகப்படாதவர்களும் நின்றவர்களும் எல்லோருமே வேலையில் இருந்தால் 60க்கு 58, அதாவது 97 வீதம். ஆக, உண்மை 38க்கும் 97க்கும் இடையில் எங்கோ இருக்கிறது. இவ்வளவு அகலமான இடைவெளிக்குள் நின்று நகையை அடகு வைக்க நான் சொல்லமாட்டேன்.

அப்புறம், “வேலையில்” என்றால் என்ன? இலங்கையின் தொழிற்படை மதிப்பீட்டில், கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரு மணித்தியாலமாவது சம்பளத்துக்கோ லாபத்துக்கோ வேலை செய்தவர் தொழில் உள்ளவர். நாடு முழுவதையும் அளக்க அந்த வரையறை பொருந்தும். ஒரு பயிற்சி நிலையம் அதையே பிடித்துக்கொண்டு தை, மாசியில் காலபோக அறுவடை நடக்கும்போது விசாரித்தால், உங்கள் மகனைப் போல உழவு இயந்திரத்தில் இருப்பவரும் வேலையில் இருப்பவர்தான். அந்த வேலை அவனுக்கு இன்றைக்கே இருக்கிறது. அதற்கு 180,000 ரூபாய் எதற்கு? பெக்கோவில் வேலையா, எத்தனை மாதமாக, ஊழியர் சேமலாப நிதி (ஈ.பி.எஃப்.) பிடிக்கிறார்களா என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். சட்டப்படி நாட்கூலிக்காரருக்கும் ஈ.பி.எஃப். பிடிக்கவேண்டியதுதான், ஆனாலும் முறையான வேலையா என்று பார்க்க இந்தக் கேள்வி உதவும்.

அமெரிக்காவில் 2014இல் கொண்டுவந்த தொழிற்பயிற்சிச் சட்டத்தின்படி, பயிற்சியிலிருந்து வெளியேறியவர் இரண்டாவது காலாண்டிலும் நான்காவது காலாண்டிலும் வேலையில் இருக்கிறாரா என்று பார்க்கிறார்கள். பெரும்பாலும் முதலாளிகள் அரசுக்குக் கொடுக்கும் சம்பளப் பதிவை வைத்துத்தான் பார்க்கிறார்கள். அங்கேயும் சுயதொழில் செய்பவர்கள் அந்தப் பதிவில் பெரும்பாலும் அகப்படுவதில்லை. நீங்களும் அதேபோல இரண்டு தவணை வைத்துக் கேளுங்கள்: முடித்து ஆறு மாதத்தில் எத்தனை பேர், ஒரு வருடத்தில் எத்தனை பேர்.

சம்பளத்துக்கு வருவோம். அந்த 23 பேரில் 5 பேர் வளைகுடாவில் மாதம் 230,000 எடுக்கிறார்கள், 18 பேர் இங்கே 45,000 எடுக்கிறார்கள் என்று வையுங்கள். சராசரி 85,000ஐத் தாண்டும். ஆனால் வரிசையில் நடுவில் நிற்பவர் எடுப்பது 45,000. பாடசாலையில் இடையம் என்று படிப்பித்தது இதைத்தான். நிலையத்திடம் அதைக் கேளுங்கள். வெளிநாட்டுச் சம்பளத்தையும் உள்ளூர்ச் சம்பளத்தையும் பிரித்துத் தரவும் சொல்லுங்கள்.

இனி உங்கள் வீட்டுக் கணக்கு. கட்டணம் 180,000, தங்குமிடமும் சாப்பாடும் ஆறு மாதத்துக்கு 120,000. மகன் இப்போது உழைக்கும் 37,500 ரூபாயும் ஆறு மாதம் நிற்கும், அது 225,000. இதைத்தான் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. மொத்தம் 525,000 ரூபாய், அடகு வட்டி இல்லாமல். முடித்த பிறகு 85,000 கிடைத்தால் இப்போதையதைவிட மாதம் 47,500 கூட. பதினொரு, பன்னிரண்டு மாதத்தில் போட்ட காசு திரும்பிவிடும். 45,000 கிடைத்தால் கூட வருவது 7,500 மட்டும். 70 மாதம் ஆகும், கிட்டத்தட்ட ஆறு வருடம். ஈ.பி.எஃப். உள்ள வேலையென்றால் முதலாளி போடும் 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ஈ.ரி.எஃப்.) போடும் 3 வீதமும் சேர்ந்து மாதம் 6,750 ரூபாய் மகன் பெயரில் சேரும், அதையும் சேர்த்தால் மூன்று வருடம் அளவில் வரும். ஆனால் அந்தக் காசை எடுத்து அடகை மீட்க முடியாது. தவணைக்குள் மீட்காவிட்டால், புதுப்பிக்காவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும். எனக்குப் பயம் அங்கேதான்.

எந்த வருடத்து எண் என்பதையும் விசாரியுங்கள். ஏ9 வீதி திருத்தப்பட்ட காலத்திலும், 2013இல் கிளிநொச்சிக்கும் 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் ரயில் திரும்பி வந்த காலத்திலும் வன்னியில் கனரக இயந்திரம் ஓட்டத் தெரிந்தவருக்கு வேலை தேடி வந்தது. 2022 நெருக்கடியில் பல கட்டட வேலைகள் நின்றுபோயின. இரண்டு காலத்திலும் பயிற்சி ஒன்றாக இருந்திருக்கலாம், முடிவு வேறு. அணி சிறியதாகவும் இருக்கலாம்: 12 பேர் உள்ள அணியில் ஒருவருக்கு வேலை கிடைத்தாலோ போனாலோ வீதம் 8 புள்ளி ஏறி இறங்கும்.

எனக்கு மனம் வருந்தும் விஷயம் ஒன்று உண்டு. ஏற்கனவே அனுபவமும் சாரதி அனுமதிப்பத்திரமும் உள்ள பிள்ளைகளை மட்டும் பொறுக்கி எடுக்கும் நிலையத்துக்கு உயர்ந்த வீதம் வரும். அந்தப் பிள்ளைகள் பயிற்சி இல்லாமலே வேலை எடுத்திருப்பார்கள். போரில் காலை இழந்தவரையும், குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்களையும் சேர்த்துக்கொள்ளும் நிலையத்துக்குக் குறைந்த வீதம் வரும். ஆனால் அங்கே 50 வீதம் என்பது பெரிய சாதனையாக இருக்கலாம். ஆகவே அரச நிலையமொன்றின் வீதம் குறைவாகத் தெரிந்தால் அதை உடனே தள்ளிவிடாதீர்கள். தொழிற்பயிற்சி அதிகார சபையிடமும், தொழிலிடத்திலேயே பழக்கும் அரச நிறுவனமான நைட்டாவிடமும், கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனத்திடமும் இந்த வருடம் என்ன பாடநெறி இருக்கிறது என்று மகனை நேரில் போய்க் கேட்கச் சொல்லுங்கள்.

வவுனியா நிலையத்தில் சான்றிதழைப் பற்றியும் கேட்கவேண்டும். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிலையம் பதிவு செய்திருப்பது ஒன்று, இந்தப் பாடநெறிக்கு தேசிய தொழிற்தகைமை (என்.வி.கியூ.) அங்கீகாரம் இருப்பது வேறொன்று. இரண்டையும் கடிதத்தில் காட்டச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும்விட, போன வருடம் முடித்தவர்களில் முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கத்துப் பிள்ளைகள் சிலரை மகன் நேரில் சந்திக்கவேண்டும். நிலையம் தெரிவு செய்து தருபவர்கள் மட்டும் போதாது. ஒருவரைச் சந்தித்தால், “உங்களோடு சேர்ந்து இடையில் நின்றவர் யார், அவர் இப்போது எங்கே?” என்று கேட்கச் சொல்லுங்கள்.

பதில்கள் திருப்தியாக இருந்தால், கட்டணத்தை மூன்று தவணையாகக் கட்ட விடுவார்களா, முதல் மாதத்தில் விலகினால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அதன்பிறகு முதல் தவணைக்குத் தேவையான அளவு மட்டும் அடகு வைக்கலாம். எழுதித் தர மறுத்தால் இந்த அணியை விட்டுவிடுங்கள். வரும் காலபோக அறுவடையில் மகன் உழைப்பதில் ஒரு பகுதியைச் சேர்த்து வைத்துக்கொண்டு அடுத்த அணிக்குப் பார்க்கலாம்.