இரண்டு இடுப்பையும் ஒரே நாளில் மாற்றலாமா? – கேள்வி பதில்

மூட்டு மாற்று வார்டில் பிசியோதெரபிஸ்டாகப் பல வருடம் வேலை பார்த்தவள் நான். கத்தி பிடிப்பது என் வேலை இல்லை. ஆபரேஷன் முடிந்தவரை எழுப்பி நிறுத்தி நடக்க வைப்பதுதான் என் வேலை. அந்த இடத்திலிருந்து தெரிவதைச் சொல்கிறேன். உங்கள் எக்ஸ்ரேயையும் ரத்தப் பரிசோதனையையும் பார்த்தவர்கள் உங்கள் சர்ஜனும் மயக்க மருந்து டாக்டரும்தான், அதனால் முடிவு அவர்களோடு உட்கார்ந்து எடுக்க வேண்டியது. கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

மேடம், எனக்கு 54 வயது. இரண்டு இடுப்பும் தேய்ந்துவிட்டது. ஒரு டாக்டர் ஒரே நாளில் இரண்டையும் முடித்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் மூன்று மாதம் இடைவெளி விடச் சொல்கிறார். யாரை நம்புவது?

இரண்டு பேருமே நியாயமாகத்தான் பேசுகிறார்கள் சார். முதல் டாக்டர் உங்கள் கால்களைப் பார்க்கிறார்: ஒரே மயக்க மருந்து, ஒரே ஆஸ்பத்திரி வாசம், ஒரே உடற்பயிற்சிக் காலம். இரண்டாமவர் உங்கள் இதயத்தையும் நுரையீரலையும் பார்க்கிறார். ஒரே நேரத்தில் இரண்டு தொடை எலும்பையும் குடைந்தால் ரத்த இழப்பு கூடும். மஜ்ஜையிலிருந்து கொழுப்புத் துகள்கள் ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குப் போகிற வாய்ப்பும் கூடும். பிறகு ரத்தம் ஏற்ற வேண்டிவருவதும் ஒற்றை ஆபரேஷனைவிட அதிகம்.

நான் வழக்கமாக ஒன்று கேட்பேன்: "ஒரு பக்கம்தான் செய்ய முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள், எந்தப் பக்கம் முதலில்?" கேட்டவுடன் "வலது" என்று பதில் வந்தால் உங்கள் இடது கால் இன்னும் உங்களைத் தாங்குகிறது என்று அர்த்தம். அப்படிப்பட்டவர் தனித்தனியாகச் செய்துகொண்டாலே போதும். "காலையில் இது, ராத்திரி அது, எதைச் சொல்வது?" என்று திணறுகிறவருக்குத்தான் ஒரே நாள் யோசனை பொருந்தும். ஏனென்றால் ஒரு பக்கம் மட்டும் மாற்றினால், மாற்றாத கால்மேல்தான் அவர் பாரம் முழுவதையும் போட வேண்டியிருக்கும். அது தாங்காது. புது இடுப்புக்கான பயிற்சியும் பாதியில் நிற்கும்.

இந்தக் கேள்விக்கு அடுத்துத்தான் உடம்பின் மற்ற கணக்கு. வயது ஒரு எண்தான். இதயம், நுரையீரல், சிறுநீரகம், சர்க்கரை, எடை எல்லாம் ஒழுங்காக இருக்கிற 68 வயதுக்காரரை ஒரே நாளுக்கு ஏற்றுக்கொண்டு, புகையை விடாத 50 வயதுக்காரரைத் திருப்பி அனுப்புகிற மயக்க மருந்து டாக்டர்கள் உண்டு.

அக்கா, இப்படி இரண்டையும் ஒன்றாகச் செய்வது சமீபத்தில் வந்த வியாபாரமா?

இல்லை தம்பி. இன்றைய இடுப்பு மாற்றுக்கு அடித்தளம் போட்டவர் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி. 1962-ல் அவர் வடிவமைத்த மூட்டின் வழியில்தான் இன்றைக்கும் செய்கிறார்கள். அதே மூட்டை ஒரே மேஜையில் இரண்டு பக்கமும் வைத்த 50 பேரைப் பற்றிய கட்டுரை 1971-லேயே அவர் பெயரோடு வந்துவிட்டது. அவசரப்படுத்தி விற்கிறவர்கள் இருக்கலாம், அது வேறு விஷயம். "இன்றைக்கே சொன்னால் நாளைக்கே செய்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள். தேய்மானத்துக்குச் செய்கிற இடுப்பு மாற்றில் ஒரு வாரத்தில் கெட்டுப்போவது எதுவுமில்லை.

எனக்கு 38 வயது அக்கா. ஒரு நோய்க்காக நிறைய ஸ்டீராய்டு எடுத்தேன். ரத்த ஓட்டம் நின்று இரண்டு தொடை எலும்பின் தலையும் செத்துவிட்டது (ஏவிஎன்) என்கிறார்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்துவிடலாமா?

ஏவிஎன் பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும். வயதும் குறைவு என்பதால் ஒரே நாள் ஆபரேஷனுக்கு வருகிறவர்களில் உங்களைப் போன்றவர்கள் நிறையப் பேர். ஆனால் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி: இரண்டு பக்கமும் ஒரே கட்டத்திலா இருக்கிறது? ஒரு பக்கம் எலும்பின் தலை உட்கார்ந்து நசுங்கியிருக்கும், மறுபக்கம் இன்னும் உருண்டையாகவே இருக்கும். எம்ஆர்ஐயில் இது தெரியும். நசுங்காத பக்கத்தில் துளை போட்டு அழுத்தத்தைக் குறைக்கிற சின்ன ஆபரேஷன் சிலருக்குக் கைகொடுக்கும். ஒரே வேலையாக முடியட்டுமே என்பதற்காக அந்தப் பக்கத்தையும் சேர்த்து மாற்றிவிடாதீர்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. தேசிய மூட்டு மாற்றுப் பதிவேடுகளைச் சேர்த்துப் பார்த்து 2019-ல் வந்த ஆய்வில், மாற்றிய இடுப்புகளில் சுமார் 58 சதவீதம் 25 வருடம் தாங்கியிருந்தன. 38-ல் வைத்துக்கொண்டால் வாழ்நாளில் மறு ஆபரேஷன் ஒன்று வரலாம் என்று மனதைத் தயார்படுத்திக்கொள்ள வேண்டும். சொந்த மூட்டு எத்தனை வருடம் தாக்குப்பிடிக்கிறதோ அத்தனையும் லாபம்.

என் தம்பிக்கு முதுகெலும்பு இறுகிப்போகிற ஆன்கிலோசிங் ஸ்பான்டிலைட்டிஸ். இரண்டு இடுப்பும் மடங்கியபடியே பூட்டிக்கொண்டது. படுத்தால் கால் நீட்ட முடியாது.

ஒரே நாளில் இரண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியாது. ஒரு காலை மட்டும் நேராக்கிவிட்டு மறுகாலை மடங்கியபடி விட்டால் அவரால் நிமிர்ந்து நிற்கவே முடியாது. மடங்கிய பக்கம் இடுப்பெலும்பைச் சாய்த்து இழுக்கும், அந்த இழுப்பில் புதிதாக வைத்த பக்கமும் மறுபடி மடங்கப் பார்க்கும். இரண்டும் சேர்ந்து நிமிர்ந்தால்தான் நாங்கள் கற்றுக்கொடுக்கிற நடை நிலைக்கும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. முதுகு இறுகியிருப்பதால் முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்வது கஷ்டம். கழுத்தும் இறுகியிருந்தால் தொண்டையில் குழாய் விடுவதும் கஷ்டம். ஆபரேஷன் தேதி குறிப்பதற்கு முன்பே மயக்க மருந்து டாக்டர் அவரை நேரில் பார்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, கழுத்தைத் திருப்பச் சொல்லிப் பார்க்கட்டும். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மருந்து எடுக்கிறார் என்றால் எதை எப்போது நிறுத்துவது என்று மூட்டுவாத டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு மூட்டைச் சுற்றித் தேவையில்லாத இடத்தில் எலும்பு வளர்வதும் இவர்களுக்கு அதிகம். அதைத் தடுக்க என்ன திட்டம் என்று கேளுங்கள்.

அம்மாவுக்கு 76. சர்க்கரை உண்டு, இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. "இரண்டு தடவை என்னால் படுக்க முடியாது, ஒரே தடவையில் முடித்துவிடுங்கள்" என்று அடம் பிடிக்கிறார்.

அம்மாவின் சலிப்பு புரிகிறது. ஆனாலும் என் பதில் வேண்டாம் என்பதே. எலும்பு மெலிந்தவர்களுக்கு மூட்டைச் சிமென்ட் வைத்துப் பதிப்பது வழக்கம். சிமென்ட்டை அழுத்தும் அந்த நேரத்தில் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதுண்டு. நல்ல இதயம் சமாளித்துவிடும். அம்மாவின் இதயத்தை ஒரே நாளில் இரண்டு தடவை அந்தச் சோதனைக்கு ஏன் உட்படுத்த வேண்டும்?

ஸ்டென்ட் வைத்து எத்தனை மாதமாயிற்று என்பதுதான் சர்ஜன் முதலில் கேட்பார். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை வீட்டில் யாரும் தாமாக நிறுத்த வேண்டாம். இதய டாக்டர் சொல்லட்டும். மூன்று மாதச் சர்க்கரையும் கட்டுக்குள் வர வேண்டும், இல்லாவிட்டால் புண்ணில் சீழ் பிடிக்கும். மோசமான பக்கத்தை முதலில் செய்யுங்கள். அது சரியான பிறகு மறுபக்கத்தின் வேலையும் குறைந்து, "இப்போதைக்கு இது போதும்" என்று சொன்ன பெரியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு ஹீமோகுளோபின் 10.8. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விட்டுவிடாதீர்கள் அம்மா. 13-க்குக் கீழே இருந்தால் முதலில் காரணத்தைத் தேடுவார்கள். இரும்புச்சத்துக் குறைவு என்றால் மாத்திரையிலோ ஊசியிலோ ஏற்றிவிடலாம், அதற்குச் சில வாரம் ஆகும். ரத்தக் கசிவைக் குறைக்க ஆபரேஷன் நேரத்தில் டிரானெக்சாமிக் ஆசிட் கொடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அது வந்தபிறகு ரத்தம் ஏற்றுவது நன்றாகவே குறைந்திருக்கிறது. இருந்தாலும் 10.8-ல் ஆரம்பித்து இரண்டு பக்கமும் இழந்தால் மறுநாள் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும், என் வேலை ஒரு நாள் தள்ளிப்போகும்.

மேடம், இரண்டு காலும் ஆபரேஷன் ஆனால் எந்தக் காலை ஊன்றி எழுந்திருப்பது? இதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

எல்லாரும் மனதுக்குள் வைத்திருந்து கேட்காமல் விடுகிற கேள்வி இது. நல்ல கால் என்று ஒன்று இல்லைதான். ஆனால் இரண்டு பக்கமும் உள்ளே இருப்பது தேயாத புது மூட்டு. சர்ஜன் தடை சொல்லாவிட்டால் முழுப் பாரத்தையும் இரண்டிலும் போடலாம். வலி வெட்டிய சதையில்தான் இருக்கும், பழைய அரைக்கிற வலி போயிருக்கும்.

முதல் தடவை எப்படி என்றால்: கட்டிலை உங்கள் முழங்கால் உயரத்துக்கு மேலே ஏற்றுவோம். கால்களைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் சும்மா உட்கார வேண்டும், ரத்த அழுத்தம் நிதானத்துக்கு வரட்டும். பிறகு பாதங்களை லேசாக முன்னால் நீட்டி, கைகளால் மெத்தையைத் தள்ளி எழ வேண்டும். வாக்கரைப் பிடித்து இழுத்து எழக்கூடாது, அது கவிழும். எழுந்தவுடன் வாக்கருக்குக் கை மாற்ற வேண்டும். ஒற்றை இடுப்புக்காரர் இதில் பாதி வேலையை நல்ல காலால் செய்துவிடுவார். நீங்கள் கைகளால் செய்ய வேண்டியிருக்கும். அதனால் தேதி குறித்த நாளிலிருந்தே கைக்குப் பயிற்சி ஆரம்பித்துவிடுங்கள்: கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்குவது, தினமும் கொஞ்சம்.

படிக்கட்டில் "ஏறும்போது நல்ல கால், இறங்கும்போது நோவுள்ள கால்" என்பது பொது விதி. உங்களுக்கு எது நல்ல கால் என்பதை வார்டில் பார்த்து நாங்களே முடிவு செய்து சொல்வோம். எது கொஞ்சம் வலுவாக இருக்கிறதோ அது முதலில் ஏறும். வீட்டில் உயரமான கழிப்பறை இருக்கை, கை வைத்த உயரமான நாற்காலி இரண்டும் முன்கூட்டியே தயாராக இருக்கட்டும். முதல் இரண்டு வாரம் ஒரு ஆள் முழு நேரமும் கூடவே இருக்க வேண்டும். அந்த ஆள் கிடைக்கவில்லை என்றால், சோதனைகள் எல்லாம் நன்றாக வந்திருந்தாலும், ஒரே நாள் வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

கால் நீளம் சமமாக வருமா?

ஒரே நாளில் செய்யும்போது சமன்படுத்துவது சுலபம். தனித்தனியாகச் செய்தால் முதல் பக்கம் முடிந்ததும் அந்தக் கால் நீளமாகத் தெரியும், மறுபக்கம் இன்னும் தேய்ந்து குட்டையாக இருக்கிறதே. அதுவரை செருப்பில் ஒரு பட்டை வைத்துச் சமாளிக்கலாம்.

எக்ஸ்ரேயில் இடது பக்கமும் மோசம் என்கிறார்கள். ஆனால் வலி வலதில்தான்.

வலிக்காத மூட்டை மாற்ற வேண்டாம்.

இடைவெளி விடுவதென்றால் எவ்வளவு?

ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை விடுகிறவர்கள் அதிகம். முதல் காலில் நம்பிக்கையாக நின்று, ரத்தம் பழைய அளவுக்கு ஏறி, புண் முழுக்க ஆறிய பிறகு அடுத்தது. ஒரே ஆஸ்பத்திரி வாசத்தில் ஐந்தாறு நாள் விட்டு இரண்டாவது என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. ரத்தம் குறைந்து, சாப்பாடு இறங்காமல், உடம்பு அடித்தளத்தில் கிடக்கிற நாட்கள் அவை.

சர்ஜனைப் பார்க்கப் போகிறோம். ஒரே நாள் என்று முடிவாகிவிட்டது. என்ன கேட்பது?

எந்த வழியாகத் திறக்கிறார் என்று கேளுங்கள். முன்பக்கமாகத் திறந்தால் மல்லாந்து படுத்தபடியே இரண்டையும் முடிக்கலாம். பின்பக்கம் என்றால் ஒருபக்கம் முடித்துத் திருப்பிப் படுக்கவைப்பார்கள். வீட்டுக்கு வந்தபின் குனிவதிலும் கால்மேல் கால் போடுவதிலும் சில வாரம் கட்டுப்பாடு இருக்கும், அதுவும் இரண்டு காலுக்கும். எது அவருக்குக் கைவந்ததோ அதுவே நல்லது, மாற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். இப்படி இரண்டையும் ஒன்றாக அவர் அடிக்கடி செய்கிறாரா, ரத்தக்கட்டி வராமலிருக்க எந்த மருந்து, எத்தனை நாள் என்பதையும் கேளுங்கள்.

முக்கியமான ஒன்று: முதல் பக்கம் முடிந்ததும் ரத்த அழுத்தமோ ஆக்சிஜனோ சரியில்லை என்றால் அத்தோடு நிறுத்திவிடுவீர்களா, நிறுத்தலாம் என்று யார் சொல்வார் என்று கேளுங்கள். "மயக்க மருந்து டாக்டர் சொன்னால் நிறுத்திவிடுவேன்" என்று தயங்காமல் சொல்கிறவரிடம் கையெழுத்துப் போடலாம். ஒப்புதல் படிவத்திலும் அதை எழுதச் சொல்லுங்கள். மோசமான பக்கத்தை முதலில் செய்யச் சொல்வதும் இதற்குத்தான்: பாதியில் நிறுத்தினாலும் அதிகம் வலித்த கால் சரியாகியிருக்கும்.