வாசகர் கேள்வி – பதில்: மொத்த வோல்ட் சரி, ஒரு செல் மட்டும் ஏன் சரிகிறது?

ரேடியோ கன்ட்ரோல் விமானம், கார், படகு ஓட்டும் வாசகர்களின் பேட்டரி சந்தேகங்களுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: என்னுடைய 3எஸ் (மூன்று செல்கள் தொடராக இணைந்தது) 2200 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர் மணி) லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, பறந்து முடிந்ததும் மொத்தம் 10.9 வோல்ட் காட்டுகிறது. செல் வாரியாகப் பார்த்தால் 3.75, 3.74, 3.41. மொத்தக் கணக்கு சரியாக இருக்கும்போது இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டுமா?

வேண்டும். மொத்த வோல்ட் என்பது வகுப்பின் சராசரி மதிப்பெண் மாதிரி. யார் தோற்றார் என்று சொல்லாது. தரையிறங்கி ஓய்ந்த பிறகே மூன்றாவது செல் 3.41-இல் இருக்கிறது என்றால், மோட்டார் முழு வேகத்தில் இழுத்தபோது அது 3 வோல்ட்டுக்கும் கீழே போயிருக்க வாய்ப்பு அதிகம். அங்கேதான் லிப்போ கெடும். இப்படியே ஓட்டினால் அந்த செல் ஒவ்வொரு முறையும் மற்ற இரண்டையும்விட ஆழமாகக் காலியாகி, இன்னும் வேகமாக மோசமாகும்.

முதலில் செல்மீது பழி போடாமல், ஒவ்வொரு செல்லையும் சார்ஜர் தனித்தனியே அளக்க உதவும் சிறிய பேலன்ஸ் கனெக்டரைச் சந்தேகியுங்கள். அதன் உலோகப் பின் தளர்ந்திருந்தாலும் அளவு தப்பாக வரும். 3எஸ் பேட்டரியின் பேலன்ஸ் கனெக்டரில் நான்கு வயர்கள் இருக்கும். மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, கறுப்பு வயருக்கும் அதற்கு அடுத்ததற்கும் இடையே அளந்தால் முதல் செல்; அப்படியே அடுத்தடுத்த ஜோடியாக நகர்ந்தால் மற்ற இரண்டு. மீட்டர் முனை பக்கத்துப் பின்னையும் சேர்த்துத் தொட்டுவிடக் கூடாது, ஷார்ட் ஆகிவிடும்.

மீட்டரும் 3.41 என்றே சொன்னால், எல்லா செல்லையும் ஒரே வோல்ட்டுக்குக் கொண்டுவரும் பேலன்ஸ் முறையில் 1.1 ஆம்பியரில், அதாவது வழக்கமானதில் பாதி வேகத்தில் சார்ஜ் செய்யுங்கள். பொறுமை வேண்டும். சிறிய சார்ஜர்களின் பேலன்ஸ் கரன்ட் 200, 300 மில்லி ஆம்பியர்தான். பெரிய வித்தியாசத்தை அது சமன் செய்ய நேரமாகும். மூன்றும் 4.20 (முழு சார்ஜ்) ஆனதும் கழற்றி, ஒரு நாள் சும்மா வைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். மற்றவை 4.19-இல் நிற்க, இது மட்டும் 4.12-க்கு இறங்கியிருந்தால் அந்த செல்லின் சார்ஜ் உள்ளுக்குள்ளேயே கசிகிறது; பேட்டரிக்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள். இறங்காமல் நிற்கிறது, ஆனால் ஓட்டும்போது மட்டும் முதலில் சரிகிறது என்றால் உள் மின்தடை கூடிவிட்டது, அல்லது கொள்ளளவு குறைந்துவிட்டது. சார்ஜரில் மின்தடை அளக்கும் வசதி இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள்: மற்றவை 5 மில்லி ஓம், இது 14 என்றால் விடை கிடைத்துவிட்டது. அந்தப் பேட்டரி இனி விமானத்துக்கு ஆகாது. செல் வாரியாக எச்சரிக்கும் அலாரத்தை 3.5 வோல்ட்டில் வைத்து, கரன்ட் குறைவாக இழுக்கும் வேலைக்கு மட்டும் பயன்படுத்தலாம்.

0.01, 0.02 வோல்ட் வித்தியாசத்துக்கெல்லாம் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: 4எஸ் 5000 பேட்டரிக்கு 5 ஆம்பியர் வைத்தாலும் சார்ஜர் 3 ஆம்பியரைத் தாண்டுவதில்லை. பழுதா?

அடியில் ஒட்டியிருக்கும் வில்லையைப் பாருங்கள், 50 வாட் என்று இருக்கும். 50-ஐ 16 வோல்ட்டால் வகுத்தால் 3.1 ஆம்பியர். சார்ஜர் தன் சக்திக்கு மீறாமல் வேலை செய்கிறது, அவ்வளவுதான். 5 ஆம்பியர் வேண்டுமென்றால் 16.8 வோல்ட்டில் 84 வாட் தேவை. 100 வாட் சார்ஜராகப் பாருங்கள், அதற்கு ஈடு கொடுக்கும் பவர் சப்ளையும் வேண்டும்.

கேள்வி: மூன்று மாதம் கிடந்த 6 செல் 3000 நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி, சார்ஜ் போட்ட பத்தே நிமிடத்தில் 'முடிந்தது' என்கிறது. கார் இரண்டு நிமிடம்கூட ஓடவில்லை.

இந்த வகை பேட்டரி நிரம்பியதும் வோல்ட் சற்றே இறங்கும். ஒரு செல்லுக்குச் சில மில்லி வோல்ட். சார்ஜர் அந்த இறக்கத்துக்காகத்தான் காத்திருக்கிறது. நெடுநாள் கிடந்த பேட்டரியில் தொடக்கத்திலேயே பொய்யாக ஒரு இறக்கம் வரும்; சார்ஜர் ஏமாந்து நிறுத்திவிடும்.

ஒரு முறை 0.3 ஆம்பியரில் 14 முதல் 16 மணி நேரம் மெதுவாக ஏற்றுங்கள். நேரக் கணக்கில்தான் நிறுத்த வேண்டும்; இவ்வளவு குறைந்த கரன்ட்டில் அந்த இறக்கம் சார்ஜர் கண்ணுக்குத் தெரியாது. பிறகு 6 வோல்ட் வரை காலி செய்து, 3 ஆம்பியரில் வழக்கம்போல ஏற்றலாம். இரண்டு மூன்று சுற்றில் பெரும்பாலும் தேறிவிடும். கடைசியில் வெதுவெதுப்பாவது இயல்பு. கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்துங்கள்.

ஒன்று: இதே சார்ஜரில் அடுத்து லிப்போ மாட்டும்போது முறையை மாற்ற மறந்தால் விபரீதம். லிப்போவில் அந்த இறக்கம் வராது. சார்ஜர் காத்துக்கொண்டே 4.20-ஐத் தாண்டி ஏற்றிக்கொண்டு போகும். தீப்பிடிக்கும்.

கேள்வி: லிப்போ லேசாக உப்பியிருக்கிறது. ஊசியால் குத்திக் காற்றை எடுத்துவிடலாமா?

கூடவே கூடாது. உள்ளே இருப்பது காற்றல்ல, எலக்ட்ரோலைட் சிதைந்து உண்டான வாயு. துளை வழியே ஈரம் புகும், ஊசி அடுக்குகளை ஷார்ட் செய்யும். சிறு பல்பு போட்டு, வெளியே, எரியும் பொருள் அருகில் இல்லாத இடத்தில் முழுதும் காலி செய்யுங்கள். வயர் முனைகளைத் தனித்தனியே டேப் சுற்றி மின்கழிவு சேகரிப்பில் கொடுங்கள்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமைக்காக முழுதாக ஏற்றி வைத்தேன், மழை வந்துவிட்டது. அடுத்த வாரம் வரை அப்படியே வைக்கலாமா?

ஓரிரு நாள் சரி. ஒரு வாரம் என்றால் 'ஸ்டோரேஜ்' முறையில் செல்லுக்கு 3.80 – 3.85 வோல்ட்டுக்கு இறக்கிவிடுங்கள். முழு சார்ஜோடு வெயில் படும் காரில் விட்டுவைத்தால் உப்பலை நீங்களே அழைக்கிறீர்கள்.

கேள்வி: சார்ஜ் வயரை மாட்டும்போது 'பட்' என்று பொறி பறந்து, சார்ஜரில் செருகும் பனானா பிளக்கின் முனை கருகிவிட்டது. ஏன்?

வயரின் மறுமுனையில் பேட்டரியை முதலில் செருகியிருக்கிறீர்கள். அந்த நொடியிலிருந்து இரண்டு பனானா பிளக்குகளும் பேட்டரியின் திறந்த முனைகள். ஒன்றோடொன்று உரசினால் நேரடி ஷார்ட். முதலில் பனானா பிளக்குகளைச் சார்ஜரில் மாட்டுங்கள், பிறகுதான் பேட்டரி. கழற்றும்போது முதலில் பேட்டரி.