டிரங்குப் பெட்டியில் எந்த மாயாவி?

கேள்வி: பள்ளத்தூரில் எங்கள் பூர்வீக வீடு. பங்காளிகள் எல்லாம் கூடி அறைகளை ஒழித்தபோது, எங்கள் அறையில் அப்பச்சியின் (அப்பாவின்) டிரங்குப் பெட்டி கிடைத்தது. உள்ளே 140 காமிக்ஸ் புத்தகங்கள். பெரும்பாலும் முத்து, ராணி. மாயாவி மட்டும் முப்பதுக்கு மேல் இருக்கும். காரைக்குடியிலிருந்து வந்த பழஞ்சாமான் வியாபாரி பெட்டியோடு சேர்த்து 6,000 ரூபாய் தருகிறேன் என்கிறார். அமெரிக்காவில் ஒரே ஒரு காமிக்ஸ் பல கோடிக்குப் போனதாம், அவசரப்படாதே என்கிறான் தம்பி. அவனுக்கும் இதில் பங்கு உண்டு. கிழிந்த அட்டைகளை ஒட்டி, லேமினேஷன் செய்து விற்கலாமா?

பதில்: முதலில் அந்தப் பசை பாட்டிலை மூடி எடுத்து வையுங்கள் தம்பி. ஒட்டுவது, லேமினேஷன், நிறம் போன இடத்தில் ஸ்கெட்ச் பேனா, எதுவுமே வேண்டாம். விற்பதானாலும் வைத்துக்கொள்வதானாலும் பழைய காமிக்ஸுக்கு நாம் செய்கிற உபகாரம் உபத்திரவத்தில்தான் முடியும்.

பட்டுத்தான் சொல்கிறேன். கல்லூரி நாளில் என்னிடம் இருந்ததைப் பத்துப் பத்தாகச் சேர்த்து பைண்டிங்குக்குக் கொடுத்தேன். ரெக்சின் அட்டை, முதுகில் தங்க எழுத்து, பார்க்கக் கல்யாண ஆல்பம் மாதிரி ஜோராக வந்தது. வீட்டுக்கு வந்து பிரித்தால், பைண்டர் மூன்று பக்கமும் சீராக வெட்டித் தள்ளியதில் ஓரத்துக் கட்டங்களில் பேசுகிறவர்களுக்குக் கடைசிச் சொல்லே இல்லை. வில்லன் "உன்னைக் கொ" என்று நிறுத்துகிறான். கொல்லப் போகிறானா கொஞ்சப் போகிறானா என்று இன்றுவரை தெரியாது. அந்த முப்பது புத்தகங்களையும் இப்போது எந்தச் சேகரிப்பாளரிடம் காட்டினாலும் ஒரு "ம்" போட்டுவிட்டுத் திருப்பித் தந்துவிடுகிறார்.

சரி, முப்பது மாயாவி என்கிறீர்களே, எந்த மாயாவி? 1972-ல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழிலேயே வந்தவர் இரும்புக்கை மாயாவி. பிரிட்டனில் 'வேலியன்ட்' வார இதழில் 1962-ல் ஆரம்பித்த தொடர் அது. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும் என்று நாம் வாய் பிளந்து படித்த ஆசாமி. ராணி காமிக்ஸின் மாயாவி வேறு ஆள். முகமூடியும் மண்டையோட்டு மோதிரமுமாகக் காட்டில் குதிரை ஏறி வருவார், வெளிநாட்டில் அவர் பெயர் பேண்டம். ராணி 1984-ல் தொடங்கி 2005-ல் நின்றுபோன பத்திரிகை, ஆக அந்த மாயாவி எவ்வளவு பழுப்பேறிக் கிடந்தாலும் எண்பத்து நாலுக்கு முந்தியவர் இல்லை. இரண்டு பேரையும் ஒரே கட்டாகக் கட்டி வைத்திருந்தால் முதலில் அவிழ்த்துப் பிரியுங்கள்.

அட்டையில் இருக்கிற தலைப்பை மட்டும் நம்பவும் கூடாது. முத்துவின் பழைய கதைகள் பல, மறுபதிப்பாகத் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. பதிப்பாளர் பெயர் அச்சிட்ட இடத்தில் இதழ் எண், மாதம், வருடம், விலை என்று என்ன இருக்கிறதோ பாருங்கள். விலை பைசாவில் இருந்தால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள். பத்து ரூபாய் என்றிருந்தால் பரபரப்பு வேண்டாம், படித்து ரசிக்கலாம்.

உங்கள் தம்பி சொன்ன அமெரிக்கக் கதை பொய்யில்லை. 1938-ல் பத்து சென்டுக்கு விற்ற 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் ஒரு பிரதி 2024-ல் 60 லட்சம் டாலருக்குப் போனது, நம் கணக்கில் ஏறத்தாழ 50 கோடி. சூப்பர்மேன் முதன்முதலில் வந்த இதழ் அது. பிள்ளைகள் படித்துக் கிழித்தது போக, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பழைய காகிதம் சேர்க்கிறோம் என்று அள்ளிக்கொண்டு போனதில் மிஞ்சியவை கொஞ்சம். விற்ற பிரதிக்குத் தரம் பத்துக்கு எட்டரை. அங்கே 2000-லிருந்து சிஜிசி என்ற நிறுவனம் இப்படி மதிப்பெண் போட்டு, புத்தகத்தைக் கெட்டி பிளாஸ்டிக்குக்குள் அடைத்துத் தருகிறது. அந்த அளவுகோலில் 'குட்' என்றால் என்ன தெரியுமா, பத்துக்கு இரண்டு! நம் வாத்தியார் குட் போட்டால் ஊரெல்லாம் காட்டுவோம். இன்னொன்று, ஒட்டியோ நிறம் தீட்டியோ சரிசெய்த பிரதி என்று தெரிந்தால் ஊதா நிற லேபிள் குத்திவிடுவார்கள், விலை இறங்கிவிடும். பசை பாட்டிலைப் பற்றி நான் கத்துவது இதற்குத்தான்.

நமக்கு அவ்வளவு பெரிய சந்தை இல்லை. சின்ன வயதில் படித்ததை இப்போது காசு வந்தபிறகு தேடுகிற ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள்தான் பெரும்பாலும் வாங்குகிறார்கள். ஆனால் பார்க்கும் கண் அதேதான். பட்டாலையில் வெள்ளைத் துணியை விரித்து, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பக்கம் எண்ணுங்கள். ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்தால் முதலில் கழன்று போவது நடுப்பக்கம், அது இல்லையென்றால் அட்டை பளபளத்தும் பிரயோசனமில்லை. துருப்பிடித்த பின்னைப் பிடுங்கவும் வேண்டாம், காகிதத்தையும் கொண்டு வந்துவிடும். ராமபாணப் பூச்சி அரித்த இடம், வாடகை நூலக முத்திரை, பேனாவால் நிரப்பிய புதிர், ஓரம் தொட்டாலே உதிர்கிறதா, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து அட்டையையும் முதுகையும் போனில் படம் எடுங்கள். ஈரம் போகட்டும் என்று வெயிலில் காயப் போட்டுவிடாதீர்கள், சாணித்தாள் இரண்டே நாளில் இன்னும் பழுத்துவிடும்.

உள்ளே அப்பச்சி தன் பெயரும் தேதியும் எழுதி "எடுத்தவன் திருடன்" என்று கோடு போட்டிருந்தால், வாங்குகிறவருக்கு அது பழுது, விலையைக் குறைப்பார். அந்தப் புத்தகங்களை நீங்களே வைத்துக்கொள்ளுங்களேன். எப்படியும் அதற்குக் குறைந்த காசுதான், உங்களுக்கோ அந்தக் கையெழுத்து வேறெங்கும் கிடைக்காது. பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் எறிகிற காகிதத்தையெல்லாம் சேர்த்தார், அவர் காலமான பிறகு 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது, சென்னையில் அவர் பெயரிலேயே நூலகம் இருக்கிறது. நம் பக்கத்து மண்ணில் இது ஒன்றும் புதிசில்லை.

6,000 ரூபாயை 140-ஆல் வகுத்தால் புத்தகத்துக்கு 43 ரூபாய். வியாபாரி ஏமாற்றுகிறார் என்று சொல்லமாட்டேன், மூன்று நாலு புத்தகத்தில் போட்ட காசை எடுத்துவிட்டு மீதியை மெதுவாகத் தள்ளுவது அவர் தொழில். அந்த நாலு எது என்று அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம். வலையில் 20,000 என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள், கேட்கிற விலை வேறு, கை மாறிய விலை வேறு. நல்ல இதழ்களைத் தனித்தனியாகவும் மற்றதை வரிசையாகவும் விற்றால் பரவாயில்லாமல் வரும். டிரங்குப் பெட்டியைக் கொடுக்கவே வேண்டாம், அதற்குத் தனி விலை உண்டு. தம்பிக்கும் உங்களுக்கும் ஆளுக்கு எழுபது என்று எண்ணிப் பிரிக்காதீர்கள், யார் பங்கில் அந்த நாலு விழுந்தது என்று பிறகு மனஸ்தாபம் வரும். பட்டியல் போட்டு, விற்ற காசைப் பிரியுங்கள்.

அந்த வியாபாரி திரும்ப வந்தால் காபி கொடுங்கள், பட்டியலைக் காட்டாதீர்கள், 140-ஐயும் முன்னால் பரப்பிவிட்டு, அந்த நாலு எது என்று கண்டுபிடிக்க, எதைக் கடைசிவரை கையில் எடுக்காமல் தள்ளியே வைக்கிறார் என்று பாருங்கள்.