பிறர் செயலுக்கு நாம் ஏன் உள்நோக்கம் கற்பிக்கிறோம்?

ஒருவர் ஏன் இப்படிச் செய்தார் என்று நாமே ஊகித்துக்கொள்வதைக் காரணம் கற்பித்தல் என்பர். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் வாழை இலை உணவகம் ஒன்றில் பரிமாறுபவர் சாம்பாரை இலைக்கு வெளியே சிந்திவிட்டு நகர்ந்தால் அவருக்குத் திமிர் என்கிறோம். அதையே வீட்டில் நாம் சிந்தினால் கரண்டி வழுக்கிவிட்டது என்கிறோம். பிறரைப் பார்க்கையில் ஆள் மட்டுமே கண்ணில் படுகிறார், அவருக்காகக் காத்திருக்கும் பத்து மேசைகள் படுவதில்லை. நம் செயலிலோ சூழலே முன்னால் நிற்கிறது. உளவியலாளர் லீ ராஸ் 1977-இல், பிறர் செயலில் சூழலை விட்டுவிட்டுக் குணத்தையே காரணமாக்கும் சாய்வுக்கு 'அடிப்படைக் காரணப் பிழை' என்று (சற்றுக் கனமாகவே) பெயரிட்டார். சூழலைக் கணக்கில் எடுப்பது தவறுக்குச் சப்பைக்கட்டு என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் செயலை விளக்குவது வேறு, அதை நியாயப்படுத்துவது வேறு.