சீனி, நல்லெண்ணெய், ஒரு யூனிற் மின்சாரம்

உயர்தர இரசாயனவியல் மாணவர்களிடமிருந்து சக்தி அலகுகள் பற்றி இம்முறை நிறையக் கேள்விகள்.

பிஸ்கட் பெட்டியில் 100 கிராமுக்கு 480 கலோரி என்று கணக்கெடுத்தேன். கலோரிக்கு 4.184 யூல் என்றால் வெறும் 2 கிலோயூல்தானா? (சாவகச்சேரி)

ஆயிரம் மடங்கு தவறிவிட்டது, பிள்ளை. சாப்பாட்டுப் பேச்சில் கலோரி என்றால் கிலோகலோரிதான். 480 × 4.184, அதாவது 2008 கிலோயூல். பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் இரண்டு அலகும் இருக்கும்.

4.18 போடுவதா, 4.2 போடுவதா? (நல்லூர்)

வினாத்தாளில் தந்ததைப் போடுங்கள்.

கிலோயூல் எவ்வளவு என்று மனசில் பிடிபடவே இல்லை. (பருத்தித்துறை)

தேத்தண்ணியில் பார்ப்போம். 200 கிராம் தண்ணீரை 28 பாகை செல்சியசிலிருந்து 100க்குக் கொண்டுபோக, ஒரு கிராமை ஒரு பாகை சூடாக்க 4.18 யூல் என்ற கணக்கில், 200 × 4.18 × 72, சுமார் 60 கிலோயூல் வேண்டும். இனிச் சீனி, அதாவது சுக்குரோசு. ஒரு மூல் சுக்குரோசு முழுதாக எரிந்தால் ஏறத்தாழ 5640 கிலோயூல் வெளிவரும். மூலர்த் திணிவு, அதாவது ஒரு மூலின் நிறை, 342 கிராம். வகுத்தால் கிராமுக்கு 16.5. ஒரு தேக்கரண்டிச் சீனி 5 கிராம் என்றால் 82 கிலோயூல்! வெப்பம் வீணாகாவிட்டால், போடும் சீனியே அந்தத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தாலும் கணக்குப் பெரிதாக மாறாது, அதிலும் பெரும்பகுதி சுக்குரோசுதான்.

கொழுப்புக்கு மட்டும் ஏன் கிராமுக்கு 37 கிலோயூல்? (உடுவில்)

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. சுக்குரோசில் 12 காபனுக்கு 11 ஒட்சிசன். பாதி எரிந்த பொருள் மாதிரி. நல்லெண்ணெய் மூலக்கூறில் ஐம்பத்துச் சொச்சம் காபனுக்கு ஆறே ஒட்சிசன். ஒட்சியேற இன்னும் நிறைய மிச்சம் இருப்பதால் அவ்வளவு சக்தி. மின்சாரத்தோடு ஒப்பிடுவோம்: மின்கட்டணச் சீட்டில் உள்ள ஒரு யூனிற் (ஒரு கிலோவாற்று மணி) 3600 கிலோயூல். 37ஆல் வகுத்துப் பாருங்கள், அவ்வளவு சக்திக்கு 100 கிராம் எண்ணெய்கூடத் தேவையில்லை.

ஒடியல் மாவைக் கலோரிமானியில் எரித்து வரும் பெறுமானம் உணவு அட்டவணையோடு ஒத்துவருமா? (கொடிகாமம்)

வராது, அட்டவணையைவிடக் கூடுதலாகவே வரும். கலோரிமானி என்பது பொருளை எரித்து வெளிவரும் வெப்பத்தை அளக்கும் கருவி. ஒட்சிசன் நிரப்பிய கலோரிமானிக்குள் நார்ப்பொருளும் முழுதாக எரியும். கூழாகக் குடித்தால் அந்த நாரில் பெரும்பங்கு சமிக்காது. புரதத்திலும் இழப்பு உண்டு: நைதரசன் யூரியாவாக வெளியேறும்போது சக்தியில் ஒரு பங்கையும் கொண்டுபோய்விடும். எரித்தால் கிராமுக்கு 23 கிலோயூல் அளவு, உடலுக்குக் கிடைப்பது 17.